தவளைவாய்க்கு இரண்டு பெயர்

ஒரு பொருளைப் பார்க்கிறோம். அது இன்னது என்று உடனே சொல்லிவிடாமல், சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க ஒரு மனிதனால் முடியுமா? தத்துவம் எழுதியவர்கள் இந்தக் கேள்வியை வைத்துத் தடித்தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். முடியாது என்பதே பெரும்பாலோர் கட்சி; அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர்களுக்கு அறுநூறு பக்கம் தேவைப்படுகிறது. நான் இங்கே அறிமுகம் செய்யப்போகும் ஜீவராசி அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் தன் வாழ்நாள் முழுவதையும் அந்தக் கேள்விக்குப் பதிலாகவே வாழ்ந்துகொண்டிருந்தது. முடியாது, முடியாது, முடியவே முடியாது.

அந்த ஜீவராசிக்குப் பிரிப்பவர் என்று பெயர்.

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். "நல்ல மழை, இல்ல?" என்று நீங்கள் வாய்தவறிச் சொல்லிவிட்ட ஒரு நாளில், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையில் விழுந்ததைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்து, "இது மழை இல்லீங்க, தூறல்" என்றாரே, அவர்தான். சரி என்று நீங்கள் நழுவப் பார்த்தபோது, "தூறல்லயும் இது வேற ரகம்" என்று பின்னாலேயே வந்தாரே, அவரேதான். டாக்டர் "தலை வலிக்குதா?" என்று கேட்டால், "எந்த வலியைக் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். செருப்புக் கடையில் கருப்பு வேண்டுமா பழுப்பு வேண்டுமா என்று கேட்டால், அந்தக் கடையில் கருப்பு என்று ஒன்று இல்லை, மூன்று இருக்கிறது என்று கடைக்காரரிடமே நிரூபித்துவிட்டு, பழைய செருப்போடு வெற்றிகரமாக வீடு திரும்புவார்.

பறவையைக் குரலை வைத்து அடையாளம் காண்பது போல இவரையும் காணலாம். இவருக்கு இரண்டு குரல். ஒன்று: "ஒரு நிமிஷம், நீங்க ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புறீங்க." இன்னொன்று: "மேலோட்டமா பார்த்தா அப்படித்தான் தெரியும்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துக்கம் படரும். உங்களுக்காக.

இந்த இனம் எல்லா அலுவலகங்களிலும் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறது என்றாலும், கொழுத்துச் செழிப்பது ஹெர்பேரியத்தில்தான். செத்த செடிகளைப் பத்திரப்படுத்தும் இடத்துக்கு அப்படிப் பெயர். வரிசை வரிசையாக இரும்பு அலமாரி, பாச்சை உருண்டை வாசனை, நடுவே ஒரு நீள மேசை, மேசைமேல் ஒரு மைக்ராஸ்கோப், மைக்ராஸ்கோப்பின் மேல் கவிழ்ந்த ஒரு வழுக்கைத் தலை. காட்டில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்த ஒன்றைப் பறித்து, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, சப்பையாக்கி, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, நிறமும் மணமும் உயிரும் முறையாக வெளியேறிய பிறகு, "இப்பதான் சரியா பார்க்க முடியுது" என்று இங்கே பெருமூச்சு விடுவார்கள்.

நம்முடைய பிரிப்பவரின் சாம்ராஜ்யம் ஒரே ஒரு பேரினம். காட்டு ஆர்கிட். காட்டுக்குள் வழிகாட்டப் போகிறவர்கள் அதைத் தவளைவாய் என்பார்கள். மரக்கிளையில் பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டு, ஆண்டின் பெரும்பகுதி எதற்கும் உதவாத வெங்காயத் தாள் மாதிரி கிடக்கும். மழை ஓய்ந்ததும் விரல் நகம் அளவுக்குப் பூக்கும். ஆறு இதழில் ஐந்து மரியாதையாக இருக்க, ஆறாவது மட்டும் திறந்த வாய் போல அகன்று, ஓரத்தில் கொஞ்சம் முடி, நடுவில் ஒரு மேடு, நுனியில் ஒரு வால் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு உதடு என்று பெயர். வண்டு அந்த உதட்டில் வந்து உட்காரும், தேனைத் தேடும், போய்விடும். வண்டுக்கு அவ்வளவு போதும்.

இவருக்குப் போதாது. உதட்டோரம் முடி இருந்தால் ஓர் இனம். இல்லாவிட்டால் இன்னோர் இனம். இருக்கும் முடி வளைந்திருந்தால் மூன்றாவது. வளைவு உள்பக்கமா வெளிப்பக்கமா என்ற கேள்வியில் நான்காவதும் ஐந்தாவதும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பேரினத்தின் இனங்கள் ஒரு குடும்ப போட்டோவில் அடங்கும். அவர் தலை நரைத்தபோது அவற்றை ஏற்றிப் போக இரண்டு பஸ் வேண்டும். இதற்கிடையில் காட்டில் ஒரு செடிகூடக் கூடவில்லை. குறைந்துதான் போயிருந்தது.

புது இனம் என்றால் புதுப் பெயர். பெயர் யாருடையது என்பதுதான் இந்தத் துறையில் மிச்சமிருக்கும் ஒரே அதிகாரம். அதை அவர் தாராளமாகச் செலவழித்தார். இயக்குநர் பெயரில் ஒரு பூ. ஓய்வு பெற்ற இயக்குநர் பெயரில் ஒரு பூ. அடுத்த இயக்குநர் ஆவார் என்று பேச்சு அடிபட்டு, பூவும் வைக்கப்பட்டு, கடைசியில் ஆகாமல் போனவர் பெயரில் ஒரு பூ. சேற்றில் சிக்கிய ஜீப்பை இழுத்துவிட்ட டிரைவருக்கு ஒன்று. வலிக்காமல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பல் டாக்டருக்கு ஒன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் பூ, அவர் தன் கையால் மரமேறிப் பறித்த முதல் தவளைவாய், அவருடைய அம்மாவுக்கு. வெளிர் பூ, நீண்ட வால், நீண்ட இலை. அது அச்சில் வந்த பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தார் அந்த அம்மாள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட அதைப் படிக்காமல் வெளியேற முடியாது. "என் பேருதான். லத்தீன்ல வால் வெச்சிருக்காங்க."

இங்கே ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். ஒரு செடிக்கு ஒரு பெயர்தான். ஒரே செடிக்குத் தெரியாமல் இரண்டு பெயர் வைக்கப்பட்டுவிட்டால், முந்தி வைத்தது நிற்கும். பிந்தி வைத்தது இணைப்பெயர் என்ற பட்டத்தோடு அதன் கீழே சின்ன எழுத்தில் ஒதுங்கும். பாசம், பரிதாபம், சிபாரிசு எதற்கும் இந்த விதி வளையாது. நினைவில் வையுங்கள். ஒரு குடும்பம் இதில் வந்து முட்டிக்கொள்ளப்போகிறது.

அவருடைய மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். அதாவது அவரும் நாள் முழுக்கப் பிரிப்பவர்தான். உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகப் பிரிப்பவர் என்பதால் அவரை நாம் இந்த இனத்தில் சேர்க்க முடியாது. அவருக்கு ஒரு பூவும் இல்லை.

"எனக்கு எப்போ?"

"உனக்கேத்த செடி கிடைக்கணும்ல."

"டிரைவருக்குக் கிடைச்சுதே."

"அது வேற."

"பல் டாக்டருக்கு?"

"அது முழுக்க வேற. நீ ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புற."

மனைவி குழப்பவில்லை. காத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த மனிதர் அவருக்கென்று வாங்கி வந்தது ஒரு குடை; அதையும் மறுநாளே காட்டுக்குக் கொண்டுபோய் மறந்துவிட்டு வந்திருந்தார்.

இனி, எதிர் இனத்தையும் பார்த்துவிடுவோம். ஹெர்பேரியத்தின் அந்த நீள மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சேர்ப்பவர். மனைவியின் சொந்த அண்ணன். பிரிப்பவரைத் தங்கைக்குப் பார்த்து முடித்துவைத்ததும் அவர்தான். அவருடைய குரல் ஒன்றே ஒன்று: "எல்லாம் ஒண்ணுதான் மாப்பிள்ளை." அவர் வீட்டு இழுப்பறையில் சாவி, மருந்து, வரி ரசீது, உடைந்த கண்ணாடி, உடையாத கண்ணாடி எல்லாம் சமரசமாக வாழும். எந்தப் படம் பார்த்தாலும் ஏற்கெனவே பார்த்த படம் என்பார். இரண்டு பஸ் தவளைவாயையும் ஒரே சைக்கிளில் ஏற்றிவிடலாம் என்பது அவர் கொள்கை. இவரை ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் ஒன்று என்று சொல்வதற்கு ஞானமும் காரணமாக இருக்கலாம், சோம்பலும் காரணமாக இருக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

"மச்சான், இந்த முடியைக் கொஞ்சம் பாருங்க."

"எந்த முடி?"

"உதட்டோரத்துல. மத்ததுல இல்ல."

"மாப்பிள்ளை, போன மாசம் என் தலையில இருந்த முடி இந்த மாசம் இல்ல. நான் வேற இனமா?"

"மேலோட்டமா பார்த்தா நீங்க அதே ஆளுதான்."

இப்படியே இருவரும் ஒரே மேசையில் வயதானார்கள். ஒருவர் பிரித்ததை மற்றவர் சேர்த்தார், மற்றவர் சேர்த்ததை இவர் பிரித்தார். இருவருக்கும் சம்பளம் வந்தது.

காட்டிலிருந்து உயிரோடு கொண்டுவந்த செடிகளை வைக்க ஹெர்பேரியத்தில் இடமில்லாததால் அவை பிரிப்பவரின் வீட்டில் வளர்ந்தன. பால்கனியில் ஒரு கூட்டம், குளியலறை ஜன்னலில் ஒன்று. குளியலறையில் இருந்தது அம்மாவின் பூ. எதற்கும் பெயர் வைக்கும்வரைதான் அவருக்கு அதன்மேல் மோகம். வைத்த பிறகு திரும்பிப் பார்க்க மாட்டார். தெரிந்துவிட்ட பொருளில் பார்க்க என்ன இருக்கிறது? அதனால் ஒரு நாள் ஜன்னல் காலியாக இருந்ததைக் கண்டபோது, செடி செத்துவிட்டது என்று தனக்குள் முடிவு செய்துகொண்டு முகம் கழுவினார். முடியின் வளைவைப் பார்க்கத் தெரிந்த கண் அது.

பிறகு சில மழைகள் கழித்து, பால்கனிக் கூட்டத்தில், பெயர்ச்சீட்டு விழுந்துபோன ஒரு சட்டியில் அவர் இதுவரை பார்த்திராத ஒரு தவளைவாய் பூத்தது. சிவந்த பூ. குட்டை வால். இலைகள் குறுகித் தடித்திருந்தன. பிரிப்பவர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு அதன் முன்னால் மண்டியிட்டார். எந்தப் பயணத்தில் வந்தது என்று யோசித்து, கிழக்குச் சரிவில் சாலைக்காக வெட்டிய மரத்திலிருந்து எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார். அளந்தார், வரைந்தார், ஒரு பூங்கொத்தைச் சப்பையாக்கி ஒட்டினார். அந்தப் பூவுக்கு மனைவியின் பெயரை வைத்தார்.

மனைவி சட்டம் போட்டு மாட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மழை ஓய்ந்த காலத்திலும், வேலைக்குக் கிளம்பும் முன், தோளில் பையை மாட்டிக்கொண்டு, பால்கனிக்குப் போய் அந்தச் சட்டியின் முன் கொஞ்சம் நிற்பார். பூத்திருந்தால் நேரம் கழித்துக் கிளம்புவார். தபால் நிலையத்தில் ஒருமுறை, முகவரி தெளிவில்லாத ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக, "என் பேர்ல ஒரு பூ இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. அவருக்கு அதுவும் பிடித்திருந்தது.

"எனக்கு அப்புறம்தானே வந்துச்சு" என்றார் மாமியார், பொதுவாக, சுவரைப் பார்த்து.

இந்த நிலையில் இயக்குநருக்கு ஒரு யோசனை தோன்றியது. தவளைவாய்ப் பேரினம் முழுவதற்கும் ஒரு பெரிய புத்தகம், கெட்டி அட்டை, வண்ணப் படம். எழுதுபவர்கள் பிரிப்பவரும் சேர்ப்பவரும், கூட்டாக. பூனையையும் கருவாட்டையும் கூட்டாகச் சமையல் குறிப்பு எழுதச் சொன்னது போல. இனம் இனமாக உட்கார்ந்து சண்டை போட்டார்கள். பல் டாக்டரின் பூவை டிரைவரின் பூவோடு சேர்த்தே தீருவேன் என்று மச்சான் நின்றார். ஓய்வு பெற்ற இயக்குநருக்காகப் பிரிப்பவர் ஒரு வாரம் பட்டினி கிடக்காத குறை. கடைசியில் மனைவியின் பூ வந்தது. பிரிப்பவர் தன் வாதங்களை எல்லாம் வரிசைப்படுத்தித் தொண்டையைக் கனைத்தார்.

"இது தனி" என்றார் சேர்ப்பவர்.

பிரிப்பவருக்குக் காது கேட்டது சரிதானா என்று சந்தேகம். "ஏன் மச்சான்?"

"தனின்னா தனி. அட்டையில இதைத்தான் போடுறோம்."

எல்லாம் ஒன்று என்று சொல்கிறவர்களைக் கண்டால் நீங்களும் அவர்களுடைய தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஆக, அட்டைப் படம் எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ப்பவர் கேமராவோடு வந்தார். பூ தயாராக, சிவப்பாக, வாயைத் திறந்துகொண்டிருந்தது. பல கோணங்களில் எடுத்தார். அவருக்கு எல்லாக் கோணமும் ஒன்றுதான் என்றாலும்.

"இது எங்க எடுத்தது மாப்பிள்ளை? படத்துக்குக் கீழ போடணும்."

"கிழக்குச் சரிவு. ரோடு போட மரம் வெட்டினாங்கள்ல, அங்க."

டீக் கோப்பைகளோடு வந்த மனைவி நின்றார். "எது, இதுவா? இது நம்ம பாத்ரூம்ல இருந்ததுங்க."

சேர்ப்பவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"ஜன்னல்ல இருந்துச்சே. சோப்பு வைக்க இடமில்லன்னு அத்தை சொல்லிட்டே இருந்தாங்க. நான்தான் எடுத்து இங்க வெச்சேன்."

"அது செத்துப்போச்சே" என்றார் பிரிப்பவர்.

"யாரு சொன்னா?"

"அங்க காணோம், அதான்..."

"காணோம்னா எங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

உள்ளேயிருந்து அம்மா வந்தார். "என்னடா சத்தம்? அட, இந்தச் சட்டியா. வாளி இடிச்சு நான்தானே விளிம்பை உடைச்சேன். உடைஞ்ச சில்லு கால்ல விழுந்து நகமே போச்சு. இது எனக்கு மறக்குமா?"

நான்கு பேரும் சட்டியின் விளிம்பைப் பார்த்தார்கள். உடைந்துதான் இருந்தது. நடந்தது இவ்வளவுதான்: இருட்டுக் குளியலறையில் வெளிறி, ஒளியைத் தேடி நீண்டு கிடந்த செடி, வெயிலுக்கு வந்ததும் நிமிர்ந்து, குறுகி, சிவந்துவிட்டது. செடி இடம் மாறியது. பிரிப்பவர் இனம் மாற்றினார். அம்மாவுக்கு வைத்த பூவும் மனைவிக்கு வைத்த பூவும் ஒரே பூ.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் சேர்ப்பவர். "இருங்க, இருங்க. சட்டி ஒண்ணா இருந்தா செடியும் ஒண்ணாதான் இருக்கணுமா? காத்துல வேற விதை வந்து விழுந்திருக்கலாம். ஆயிரம் நடக்கலாம். மேலோட்டமா பார்க்காதீங்க மாப்பிள்ளை."

பிரிப்பவர் கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கையில் பிடித்தபடி செடியின் முன் குந்தியிருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார்.

மீதி வாக்கியத்துக்காக எல்லோரும் பழக்கதோஷத்தில் காத்திருந்தார்கள். வரவில்லை.

"ரெண்டும் ஒண்ணுன்னா எந்தப் பேரு நிக்கும்?" என்று கேட்டார் மனைவி. அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"முன்னாடி வெச்சது."

"அப்போ என்னோடது?"

"எங்கயும் போயிடாதும்மா. கீழ இருக்கும். சின்ன எழுத்துல."

"சரிதான். இந்த வீட்ல இருக்கிற மாதிரியே."

"எனக்கு எதுக்குடா இந்த வயசுல பேரும் பூவும். அவளுக்கே குடுத்துடு" என்றார் அம்மா, கூடத்துக்குப் போய், சட்டத்தின் கண்ணாடியைக் கைத்துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டே.

"எங்க ஆபீஸ்ல ஒரே வீட்டு நம்பருக்கு ரெண்டு பேருல தபால் வரும்" என்றார் மனைவி. "ஒரு பேரை அடிச்சுட்டா போடுறோம்? ரெண்டையும் கொண்டுபோய்க் குடுக்குறோம்."

"செடிக்கு அப்படி முடியாது" என்றார் பிரிப்பவர்.

"மனுஷங்களுக்கு?"

"அது வேற."

மனைவி யாரும் தொடாத டீயை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இனிமேல் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நிரூபணம் வேண்டும். மறுநாள் பிரிப்பவர் அந்தச் செடியைச் சட்டியிலிருந்து எடுத்து, கத்தியைக் கழுவி, நடுவே வெட்டினார். ஆயுள் முழுக்கக் காகிதத்தில் மட்டுமே பிரித்துக்கொண்டிருந்தவர், முதல்முறையாக ஒரு செடியை உண்மையிலேயே பிரித்தார். ஒரு பாதி பழைய சட்டியில் பால்கனியிலேயே இருந்தது. மறுபாதி புதுச் சட்டியில் குளியலறை ஜன்னலுக்குப் போனது. சோப்பு மறுபடி தரைக்கு இறங்கியது. இரண்டு சட்டிக்கும் ஒவ்வொரு சீட்டு. ஜன்னல் பாதி மறுபடி வெளிறி, வால் நீண்டால், இரண்டும் ஒன்று. இல்லாவிட்டால் மனைவியின் பூ பிழைக்கும்.

தண்ணீர் ஊற்றியது யார்? நீங்கள் நினைப்பது சரி. ஜன்னல் சட்டியை ஒரு மாதம் மறந்துவிட்டால் போதும். செத்த செடி சாட்சி சொல்லாது. இதை மனைவியின் அண்ணன், அட்டைப் படத்தின் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்த சாக்கில், சமையலறை வாசலில் நின்று சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தார்.

"அந்த ஜன்னல் செடிக்கு நீதானே தண்ணி ஊத்துற?"

"ஆமாண்ணே."

"தினமும் ஊத்துறியா?"

"ஆமாண்ணே."

"இல்ல, வேலைக்கு ஓடுற அவசரத்துல, ஒரு நாள் ரெண்டு நாள்..."

"அண்ணே, நீ போய் டீயைக் குடி."

ஊற்றினார். இரண்டுக்கும், ஒரே குவளையால். மழை வந்தது, ஓய்ந்தது. பால்கனியில் பூ சிவந்து பூத்தது. குளியலறை ஜன்னலில் பூ வெளிறிப்போய், ஒரு நீண்ட வாலோடு, வாயைத் திறந்தது.

அம்மா அதைப் பார்த்தார். அன்று மருமகளை இரண்டு முறை சாப்பிட்டாயா என்று கேட்டார்.

இன்னமும் ஒரு வழி இருந்தது. விஷயம் அந்த நான்கு பேருக்கு வெளியே போகவில்லை. சேர்ப்பவர் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியில் மாமியாருக்கு ஒரு பக்கமும் மருமகளுக்கு ஒரு பக்கமும் தனித்தனியாக எழுதி, "கடைசியா நீங்க ஒருவாட்டி பார்த்துட்டு அனுப்பிடுங்க மாப்பிள்ளை. மாத்த ஒண்ணும் இல்ல" என்று அழுத்திச் சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இல்லாத வித்தியாசங்களைக் கண்டுபிடித்தே இரண்டு பஸ்ஸை நிரப்பியவருக்கு, இன்னும் ஒரு வித்தியாசத்தை விட்டுவைப்பதா கஷ்டம்? முடி வளைந்ததற்கெல்லாம் முன்னால் நின்று வாதாடிய மனிதர், கட்டிய மனைவிக்காக ஒரு பக்கத்தைத் தொடாமல் விட முடியாதா?

அடுத்த மழை ஓய்ந்தபோது புத்தகம் வந்தது. பல் டாக்டர் தனியாக இருந்தார். டிரைவர் தனியாக இருந்தார். இயக்குநர் ஆகாமல் போனவர்கூடப் படத்தோடு, முழுப் பக்கத்தில், கம்பீரமாக இருந்தார். புத்தகம் முழுவதிலும் பிரிப்பவர் தன் கையால் சேர்த்த இனங்கள் இரண்டே இரண்டு. அம்மாவின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், மனைவியின் பெயர். அட்டையில் அதே சிவந்த பூ. அதன் கீழும் அம்மாவின் பெயர். உதட்டு முடிக்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதுகிறவர், இந்த இடத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையைச் சொன்னவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்றால், பல் டாக்டரின் பூவைப் பற்றியும் அவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் வளைந்துகொடுத்த கை, வீட்டில் வந்து நிமிர்ந்ததற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். மேசையின் அந்தப் பக்கத்தில் பிஸ்கட் உடையும் சத்தம் மட்டும் வந்தது. மனைவி புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, தன் பெயரை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு மூடினார். "எழுத்துப்பிழை இல்ல" என்றார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பி, வழக்கம்போலத் தோளில் பையோடு பால்கனிக்குப் போனபோது அங்கே ஒரு நாற்காலி கிடந்தது. அதில் கணவர். முன்னால் விளிம்புடைந்த சட்டி. சட்டியில் சீட்டு இல்லை. சர்க்கரை டப்பாவுக்கும் ஸ்விட்சுக்கும் தன் கண்ணாடிக் கூட்டுக்கும்கூடச் சீட்டு ஒட்டிய வீடு அது. அந்தச் செடியின் சீட்டை மட்டும் அவர் கழற்றியிருந்தார். ஜன்னல் சட்டியில் அம்மாவின் சீட்டு அப்படியே இருந்தது. இங்கே எண் இல்லை, இடம் இல்லை, லத்தீன் இல்லை. அவர் கழுத்தில் லென்ஸும் இல்லை.

"என்ன பார்க்குறீங்க?"

பிரிப்பவர் "அது வேற" என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து நாற்காலியின் பாதியை விட்டார். மனைவி உட்காரவில்லை. கிளம்பியும் போகவில்லை. அன்று ஊரில் பல கடிதங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன.

பூ உதிரும்வரை தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். உதிர்ந்த பிறகும், வெறும் இலையின் முன்னால். ஏன் என்று கேட்காதவர் இல்லை. அம்மா, "வயசாகுது" என்றார். மச்சான் வேறொருவரிடம், "வெட்கம், பாசம், வெறும் கிறுக்கு, எல்லாம் ஒண்ணுதான்" என்றாராம். நீங்களும் இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அம்மா பிள்ளை என்று ஒருவர். இல்லை, நேர்மையானவர் என்று ஒருவர். கல்நெஞ்சம், பிறகு பரிகாரம் என்று மூன்றாமவர். இல்லீங்க, நீங்க ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புறீங்க என்று நான்காமவர். பிரிப்பவர், சேர்ப்பவர் என்று எடுத்த எடுப்பிலேயே இரண்டு சீட்டை நான் நீட்டியபோதும் உங்களில் ஒருவரும் மறுக்கவில்லை. ஆர்வமாக வாங்கி ஒட்டினீர்கள்.

அந்த லென்ஸ், கயிற்றோடு, பிறகு வீட்டில் எங்கும் கிடைக்கவில்லை. எதற்கும் உங்கள் கழுத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள்.